பழைய ஃபியட் வேகனுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? புதுச்சேரி, கடலூர் பக்கம் பார்த்த மூன்று வண்டிகள்

கூரை பின்முனை வரை நீண்ட பழைய ஸ்டேஷன் வேகனை விலை பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் போய் பானெட்டைத் திறக்கிறார்கள். எஞ்சின் சத்தம், புகையின் நிறம், கியர் விழும் விதம் என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். வண்டியின் பின்பக்கத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு விலைக்கு வந்துவிடுவார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. வேகனின் மதிப்பு பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் இருப்பதெல்லாம் சலூன் காரிலும், அதாவது டிக்கி தனியாக உள்ள சாதாரணக் காரிலும் இருக்கிறது, கெட்டால் கிடைக்கும். பின்னால் இருப்பது கெட்டால் கிடைக்காது.

என் மைத்துனர் முதலியார்பேட்டையில் இருக்கிறார். வீட்டில் கூரை போட்ட ஷெட் உண்டு, கையில் ஓரளவு பணம் உண்டு, பிரீமியர் சஃபாரி மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் மூன்று வண்டிகள் விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்றுக்கும் சொன்ன விலை வானத்துக்கும் பூமிக்குமாக இருந்தது. எது நியாயம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். விலைகள் எல்லாம் எங்களிடம் சொல்லப்பட்டவை, எங்களுக்குக் கிடைத்த மதிப்பீடுகள். ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சஃபாரி என்றதும் டாட்டா வண்டி ஞாபகம் வரும். அது வேறு. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100 கார்களைச் செய்துவந்தது. 1960-களில் டிலைட் என்ற பெயரில் ஓடியதே 1970-களில் பத்மினி ஆனது. அதே காரின் கூரையைப் பின்னால் வரை நீட்டி, டிக்கிக்குப் பதிலாகப் பின்கதவு வைத்த ஐந்து கதவு வண்டிதான் சஃபாரி. பிறகு சுவிதா என்ற பெயரிலும் வந்தது. எஞ்சின் அதே 1089 சிசி, ஸ்டியரிங்கை ஒட்டிய அதே கியர்.

அந்தக் காலத்தில் வேகன் வாங்கியவர்கள் பெரும்பாலும் அதை வேலைக்கு வாங்கியவர்கள். சரக்கு ஏற்றினார்கள், நோயாளியை ஏற்றினார்கள், பெரிய குடும்பத்தை ஏற்றினார்கள். உழைத்து ஓய்ந்த வண்டியை யாரும் பத்திரப்படுத்தவில்லை. அதனால்தான் இன்று சலூன் பத்மினி பத்து பார்த்தால் வேகன் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. அம்பாசிடரிலும் வேகன் உண்டு. மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் மோட்டார் செய்த ஹெரால்டில்கூட இந்தியாவுக்கென்றே ஐந்து கதவு வேகன் வந்தது. ஹெரால்டுக்குச் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, உடல் தனி. அதை மதிப்பிடும் முறையும் தனி. அதை இங்கே கலக்கவில்லை.

பத்மினி வேகனுக்கு ஒரு விசேஷ நிலை உண்டு. பம்பாய் டாக்சி என்றாலே பல பத்தாண்டுகள் பத்மினிதான். கடைசி பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில்தான் சாலையை விட்டுப் போயின. அத்தனை ஆயிரம் டாக்சிகளை ஓட வைப்பதற்காக உருவான உதிரிபாகச் சந்தையின் மிச்சம் இன்னும் இருக்கிறது. பிஸ்டன், கிளட்ச் தட்டு, கார்புரேட்டர் கிட், பிரேக் சிலிண்டர், ஸ்டியரிங் பாகங்கள் என்று ஓடும் பாகம் எதுவானாலும் பம்பாயிலிருந்தோ சென்னை புதுப்பேட்டையிலிருந்தோ தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் டாக்சி எல்லாமே சலூன். பின்கதவோ அதன் கீலோ பக்கவாட்டு நீளக் கண்ணாடியோ ஒரு டாக்சியிலும் இருந்ததில்லை. ஆகவே எஞ்சின் உட்கார்ந்துபோன வேகனுக்காக விலையில் கழிக்க வேண்டியது கொஞ்சம்தான். பின்கண்ணாடி இல்லாத வேகனுக்குக் கழிக்க வேண்டியது நிறைய. விற்பவர்களும் புரோக்கர்களும் இதற்கு நேர் எதிராக விலை சொல்கிறார்கள். ஓடுகிற வண்டிக்கு ஏற்றி, ஓடாத வண்டிக்கு இறக்கி. வாங்குபவருக்கு லாபம் இருக்கும் இடமும் அதுதான்.

இனி வண்டிகளுக்கு வருகிறேன்.

முதல் வண்டி வில்லியனூர் பக்கம் ஒரு ஷெட்டில் இருந்தது. 1978 பதிவு, புதுச்சேரி ஆர்.சி. மெருகேற்றி, இரண்டு வண்ணத்தில் பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டு, சாவி திருகியதும் கிளம்புகிற நிலையில் நிறுத்தியிருந்தார்கள். எட்டரை லட்சம் கேட்டார். "நானே இதுல ஆறு லட்சம் போட்டிருக்கேன் சார்" என்றார். அதை நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் அவர் செலவழித்த தொகை அவருடைய கணக்கு. வண்டியின் மதிப்பு வேறு கணக்கு. செலவு எதில் போனது என்பதை மட்டும்தான் வாங்குபவர் பார்க்க வேண்டும்.

எங்களோடு வந்திருந்த டிங்கர் (வண்டித் தகடு வேலை செய்பவர்), மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கையில் வைத்திருந்தார். முன் ஃபெண்டரில் ஒட்டியது, கதவுகளில் ஒட்டியது. பின்சக்கர வளைவுக்கு மேலே, பக்கவாட்டுக் கண்ணாடிக்குக் கீழே வைத்தபோது வழுக்கிக் கீழே வந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கேயும் ஒட்டவில்லை. "அண்ணே, இங்க பட்டி ஒரு வெரக்கட மொத்தம் இருக்கு. உள்ள தகடு இருக்கா, சாக்கு வச்சு அடச்சிருக்கானான்னு பெயின்ட்ட எடுத்தாத்தான் தெரியும்" என்றார். வேலைக்கு முன், தகடு வெறுமையாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றுகூட விற்பவரிடம் இல்லை. முழு ரெஸ்டோரேஷன் செய்தேன் என்கிறவரிடம் நான் முதலில் கேட்பது அந்தப் படங்களைத்தான். பெயின்ட் அடித்து முடித்த பிறகு எடுத்த நூறு படத்தைவிடத் துருவோடு எடுத்த நான்கு படம் பெரிது.

கண்ணாடிதான் இந்த வண்டியின் பெரிய குறை. பக்கவாட்டில் நீளமாக வரவேண்டிய இரண்டு கண்ணாடிகளும் அக்ரிலிக் தகடு. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. விரல் நகத்தால் தட்டினால் சத்தம் மொத்தையாக வரும். வெயில் பட்ட இடத்தில் லேசாக மஞ்சள் பூத்திருந்தது, துடைத்த கீறல் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. பின்கதவுக் கண்ணாடி, கண்ணாடிதான். ஆனால் மூலையில் இருக்க வேண்டிய கம்பெனி முத்திரை இல்லை. சாதாரணக் கண்ணாடியை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள்.

இதில் ஒரு தொழில் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கடினப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. முதலில் அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, துளை வேண்டுமானால் துளையிட்டு, அதன் பிறகுதான் சூளையில் வைத்துச் சட்டென்று குளிர்விப்பார்கள். கடினப்படுத்திய பின் ஒரு மில்லிமீட்டர் குறைக்கப் பார்த்தாலும் முழுதும் பொடிப்பொடியாகிவிடும். கண்ணாடி தட்டையாக இருந்தால் சரியான அச்சுத்தாள் கொடுத்து ஒன்றிரண்டு செய்து வாங்க முடியும். வளைவு இருந்தால் அந்த வளைவுக்கு அச்சு வேண்டும்; ஒரே ஒரு வண்டிக்காக அச்சு செய்ய யாரும் எளிதில் முன்வர மாட்டார்கள், வந்தாலும் சொல்லும் தொகை மலைப்பாக இருக்கும். எங்களுக்குக் கிடைத்த மதிப்பீடு, மூன்று கண்ணாடிகளுக்கும் ரப்பர் பீடிங்குக்கும் சேர்த்து ஒரு லட்சத்தை ஒட்டி வந்தது. அதுவும் மாதிரிக்கு வைத்துப் பார்க்க அசல் கண்ணாடி ஒன்று கிடைத்தால்.

இரண்டாவது வண்டி கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நின்றிருந்தது. 1974 பதிவு. வீட்டுக்காரர் இறந்து சில வருடம் ஆகிறது. அவர் மனைவிதான் எங்களை அழைத்துப்போய்க் காட்டினார். நான்கு சக்கரத்தையும் கழற்றி, வண்டியைச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். எஞ்சின் சுற்றவில்லை. ஓட்டுநர் பக்கத் தரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. டயர்கள் வெடித்து நூல் தெரிந்தது. மைத்துனர் முகம் வாடிவிட்டது. பின்கதவை மூடப் போனார். "தம்பி, மெதுவா சாத்துங்க. அவரு இருந்தவரைக்கும் ஒருத்தரையும் அந்தக் கதவ அறைய விட்டதில்ல" என்றார் அந்த அம்மா.

கதவு ஒரு விரல் தள்ளலில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றிலும் இடைவெளி ஒரே அளவு. கீலில் ஆட்டம் இல்லை. கண்ணாடிகள் எல்லாவற்றிலும் மூலையில் ஒரே முத்திரை. பின்சீட்டை மடக்கும் கொக்கி துருப்பிடித்திருந்தாலும் எண்ணெய் விட்டு அசைத்ததும் விழுந்தது. சீட் மடங்கிச் சரக்குத் தளத்தோடு சமமாகப் படுத்தது. அந்தத் தளத்தின் தகட்டில் அச்சில் விழுந்த மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. உட்கூரைத் துணி ஒரு ஓரத்தில் கிழிந்து தொங்கியதால் கூரையை உள்ளிருந்து பார்க்க முடிந்தது. வெல்டிங் தழும்பு எதுவும் இல்லை. இந்த வண்டியைப் பிறகு யாரும் வேகன் ஆக்கவில்லை, பிறக்கும்போதே வேகன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மூன்றேகால் லட்சம் கேட்டார்கள்.

கடலூர் என்றதும் கேட்க வேண்டிய கேள்வி வெள்ளம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015 மழை, 2024-ல் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருகியது என்று இந்த ஊர் தண்ணீரை நிறையப் பார்த்திருக்கிறது. நின்ற வண்டியில் தண்ணீர் ஏறியிருந்தால் சில இடங்களில் தடயம் தங்கிவிடும். ஹெட்லைட்டின் பின் கிண்ணத்தில் வண்டல், கதவின் உள் அட்டையில் கோடு போட்டதுபோல் கறை, சீட் ஸ்பிரிங்கில் அடியிலிருந்து ஒரே உயரம் வரை துரு, ஸ்டெப்னி வைக்கும் இடத்தில் மண். நான்கையும் பார்த்தோம். எதுவும் இல்லை. தரை ஓட்டை முன் கண்ணாடி ரப்பர் வழியே பல வருடம் கசிந்த மழைநீரால் வந்தது. ரப்பரின் கீழ் மூலையில் வெடிப்பும், அதன் நேர்கீழே தகட்டில் வழிந்த தடமும் இருந்தன. காரணம் தெரிந்த ஓட்டை பயப்பட வேண்டியதில்லை. எங்கே வெட்டி எங்கே தகடு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட முடிகிறது. காரணம் தெரியாமல் பட்டிக்குள் மறைந்திருக்கும் ஓட்டைக்குத்தான் பயப்பட வேண்டும்.

இந்தக் கரையோர ஊர்களில் உப்புக்காற்றுத் துரு உள்ளிருந்து வெளியே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே தாங்கும் அமைப்பு. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகட்டை எங்கள் டிங்கர்கள் சில் என்பார்கள். அதில் உப்பீரம் தங்கி அரித்தால் வண்டியின் முதுகே பலவீனமாகிவிடும். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இறுகினாலோ இடைவெளி மாறினாலோ அந்த வண்டியின் விலைப்பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். மஞ்சக்குப்பத்து வண்டியில் ஒரு பக்கச் சில் மாற்ற வேண்டும், மறுபக்கம் கெட்டி.

மூன்றாவது வண்டியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் இருந்தது. நன்றாக ஓடுகிறது, இரண்டே முக்கால் லட்சம். ஆனால் சலூன் பத்மினியை வெட்டி வேகன் ஆக்கியது. உட்கூரைத் துணியின் ஜிப்பை இறக்கியதும் பின்சீட்டுக்கு மேலே குறுக்காக வெல்டிங் கோடு. மழைநீர் வழியும் கூரை ஓரப் பட்டை அந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. ஆர்.சி.யில் உடல் வகை சலூன். செய்தவர் கைத்திறமைக்குக் குறை சொல்ல மாட்டேன், கோடு சுத்தமாக இருந்தது. ஆனாலும் கம்பெனி விவரத்தோடு ஒத்துவராதபடி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் வண்டியையும் காகிதத்தையும் சேர்த்துப் பார்த்தால் அங்கேயே சிக்கல். அரிது என்பதற்காகக் கூடுதல் விலை இதற்குக் கிடையாது. உதிரிபாகத்துக்கு வாங்குவதானால் வாங்கலாம்.

காகித விஷயம் விலையில் பெரிய பங்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பகுதி சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் அதில் வரும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. பழைய எண் இருக்கிற வண்டி அதையே வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்க வேண்டும். அன்றாட ஓட்டத்துக்கு இடமில்லை.

1974 வண்டி 2024-லேயே இந்த வரம்பைத் தாண்டிவிட்டது. 1978 வண்டிக்கு 2028 வரை பொறுக்க வேண்டும். அதுவரை சாதாரண ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். சலூனிலிருந்து வெட்டிய மூன்றாவது வண்டி 50 வயதானாலும் விண்டேஜ் பதிவுக்கு ஆகாது.

மைத்துனர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சிதம்பரம் வரை ஓட்டிப் போக ஆசைப்படுகிறவர். அவருக்கு விண்டேஜ் பதிவைவிடச் சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து வைப்பதே உதவும் என்று சொல்லிவிட்டேன். விண்டேஜ் பதிவுக்குத் தகுதி இருப்பது பின்னாளில் விற்கும்போது விலைக்கு உதவும், அவ்வளவுதான்.

கடலூர் வண்டிக்குக் காகிதச் சிக்கல் இரண்டு. ஒன்று, ஆர்.சி. இறந்தவர் பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், 31-ஆம் எண் படிவம் என்று முதலில் அந்த அம்மா பெயருக்கு மாற வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலும் அவர் கையெழுத்து இல்லாமல் நகராது. இரண்டு, வண்டி இருப்பது தமிழ்நாடு, போகப்போவது புதுச்சேரி. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம், ஆனாலும் ஆர்.டி.ஓ. கணக்கில் வேறு மாநிலம். 28-ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் பெற வேண்டும். இவ்வளவு பழைய பதிவு கணினியில் ஏறாமல் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். ஏறவில்லை என்றால் அந்தப் பதிவேட்டைத் தேடி ஏற்றச் சொல்வதுதான் முதல் வேலை. ஆர்.சி.யில் உடல் வகை ஸ்டேஷன் வேகன் என்று இருக்கிறதா, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டோம். ஒத்துப்போகிறது. இதற்கெல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது விலை. நான் போட்ட கணக்கில் நான்கு படிகள். அதே நிலையில் ஒரு சலூன் பத்மினி இருந்தால் என்ன விலை போகும் என்பது முதல் படி. வேகனுக்கு மட்டுமே உரிய பாகங்களில் எவை அசலாக இருக்கின்றனவோ, அவற்றைப் புதிதாகச் செய்தால் ஆகும் செலவைக் கூட்டுவது இரண்டாவது. காகிதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவையும் மறைவான குறைக்கான சந்தேகத்தையும் கழிப்பது மூன்றாவது. வந்த தொகை மேல் ஆசை விலை என்று ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவது நான்காவது. ஆசை விலையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அரிய பொருளுக்கு ஆசைப்பட்டுத்தான் போகிறோம். அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதற்காகவே கடைசியில் வைத்தேன்.

பின்கதவு, கீல், பூட்டு, மூன்று கண்ணாடி, சீட் மடக்கும் அமைப்பு எல்லாம் முழுசாக இருந்தால் 1,75,000 என்று டிங்கரும் நானும் மதிப்பிட்டோம்.

வில்லியனூர் வண்டியின் பளபளப்புக்கு ஈடான சலூன் 3,25,000 போகும். கண்ணாடி போக மீதி வேகன் பாகங்களுக்கு 75,000. பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்பதற்கு 50,000 கழித்தால் மூன்றரை லட்சம். ஆசை விலை சேர்த்து 4,20,000. கேட்டது எட்டரை.

மஞ்சக்குப்பத்து வண்டியின் நிலையில் ஒரு சலூன் 60,000 போனால் அதிகம். வேகன் பாகங்கள் முழுசாக இருப்பதால் 1,75,000. காகிதத்துக்கு 35,000 கழித்தால் இரண்டு லட்சம். ஆசை விலையோடு 2,40,000. கேட்டது மூன்றேகால்.

மேட்டுப்பாளையத்து வண்டி ஓடுகிற சலூனாக இரண்டு லட்சம் போயிருக்கும். வெட்டியதால் அந்த மதிப்பும் போய்விட்டது. பாகங்களுக்காக 90,000 வரை கொடுக்கலாம்.

வாங்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை. கடலூர் வண்டிக்குத் தரையும் சில்லும் 80,000, சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் எஞ்சின் ரீபோர் வேலை 75,000, பிரேக்கும் கிளட்சும் 35,000, வயரிங் 25,000, பெயின்ட் 85,000, சீட்டும் ரப்பரும் 40,000, டயர் போன்ற சில்லறைச் செலவு 20,000. ஆக 3,60,000. வாங்கும் விலையும் காகிதச் செலவும் சேர்த்தால் வண்டி ரோட்டுக்கு வரும்போது ஆறு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. ஆகவே எரிபொருள் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் தாங்கும் ரகத்தில் போடும்படி மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் செலவும் எஞ்சின் வேலைக்குள் அடக்கம்.

வில்லியனூர் வண்டிக்கு வாங்கிய பிறகு கண்ணாடிக்கு ஒரு லட்சம் போதும். அப்படியானால் அது ஐந்தேகால் லட்சத்துக்கு வந்தால் இரண்டு வண்டியும் பணத்தில் ஏறக்குறைய சமம். வேலைக்கு அலைய முடியாதவர், மூன்று மாதத்தில் மகள் கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்பவர், ஷெட் இல்லாதவர் ஆகியோர் ஐந்தேகாலுக்குள் கிடைத்தால் அதையே எடுக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் வைக்க வேண்டும். அந்தப் பின்சக்கர வளைவில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்டைச் சுரண்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். தகடு கெட்டியாக இருந்தால் சந்தேகத்துக்காகக் கழித்த ஐம்பதாயிரத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். சம்மதிக்காவிட்டால் அதற்குமேல் பேச வேண்டாம். எங்களிடம் அவர் ஏழு வரை இறங்கினார், சுரண்ட விடவில்லை.

மைத்துனருக்கு நான் சொன்னது கடலூர் வண்டி. பணத்தில் இவ்வளவு நெருக்கமாக வந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதில் போடும் ஒவ்வொரு ரூபாயும் கண்ணுக்குத் தெரிந்த இடத்துக்குப் போகிறது. எந்தத் தகட்டை வெட்டினோம், எதை வைத்தோம் என்று படத்தோடு ஒரு கோப்பு இருக்கும். அடுத்தவர் விலை கேட்டு வரும்போது அந்தக் கோப்பு பேசும். அசல் கண்ணாடியை எவ்வளவு பணம் கொடுத்தாலும் வில்லியனூர் வண்டிக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரு வருடம் பொறுக்கத் தயாரா, ஷெட்டை அதற்கே விட்டுவிட முடியுமா என்று மட்டும் கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம் என்றார்.

அந்த அம்மாவிடம் கணக்கை மறைக்காமல் எழுதியே காட்டினோம். இன்னின்ன பாகத்துக்கு இவ்வளவு கூட்டியிருக்கிறோம், இன்னின்ன வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று. விலையைக் குறைக்கப் போகிறவர்கள் வண்டியைக் குறை சொல்லியே பேசுவார்கள். கணவர் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அப்படிப் பேசினால் எந்த வீட்டிலும் மனசு ஒப்பாது. பின்கதவுக்கும் கண்ணாடிக்கும் நாங்கள் போட்ட மதிப்பைப் பார்த்த பிறகுதான் அவர் தரை ஓட்டையைப் பற்றிப் பேசவே சம்மதித்தார். இரண்டரையில் வந்து நின்றது. என் கணக்கைவிடப் பத்தாயிரம் அதிகம். அதற்கு மேல் இழுத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

பணம் கொடுக்கும் வரிசையை மட்டும் கறாராக வைத்துக்கொண்டோம். முன்பணம் 25,000, சேசிஸ் எண் எழுதிய ஒப்பந்தக் கடிதத்தோடு. வாரிசு மாற்றம் முடிந்து ஆர்.சி. அந்த அம்மா பெயருக்கு வந்ததும் ஒரு லட்சம். தடையின்மைச் சான்று கைக்கு வந்து, விற்பனைக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தானதும் மீதி. வண்டி அதுவரை செங்கல் மேலேயே இருக்கும். எடுக்கும் நாளில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, ஃப்ளாட்பெட் லாரிதான் என்று டிங்கர் இப்போதே சொல்லிவிட்டார். ஒரு பக்கச் சில் அரித்திருப்பதால் குலுங்கினால் கூரை முறுக்கிக் கண்ணாடிக்கு ஆபத்து. மூன்று பின்கண்ணாடிகளையும் அங்கேயே கழற்றி, போர்வை சுற்றி, மைத்துனரின் காரில் தனியாகக் கொண்டு வருவதாகத் திட்டம்.